யாரால்?

இங்கிலீஷ் இலக்கணம் என்றாலே நம்ம புள்ளைங்களுக்கு அடிவயிறு கலங்கிவிடுகிறது. பாசிவ் வாய்ஸ், பார்ட்டிசிபிள், சஃபிக்ஸ், ஃபிகர் ஆஃப் ஸ்பீச் எல்லாமே மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு மறந்துபோகிற மந்திரங்களாகத்தான் அவர்களிடம் வந்து சேர்கின்றன. சேரியில் பல வருஷமாக மாலை வகுப்பு எடுக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இதே இலக்கணத்தை நம்முடைய சரித்திரமாகவும் படிக்க முடியும். நம்மைக் குறிக்க ஆங்கிலத்தில் வைத்த பெயர்களை எடுத்துப் போட்டு, இது என்ன வகைச் சொல், எழுவாய் எங்கே என்று கேட்டாலே போதும்.

பேரியாவிலிருந்து தொடங்கலாம். பறையர் என்ற நம்ம ஊர்ப் பெயர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஆங்கில எழுத்தில் ஏறிவிட்டது. ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர் என்பதால் அது பிராப்பர் நவுன், பெரிய எழுத்தில் தொடங்க வேண்டிய சொல். கொஞ்ச காலத்தில் அந்தப் பெரிய எழுத்து சின்ன எழுத்தாகிவிட்டது. எவனெல்லாம் ஒதுக்கப்பட்டவனோ அவனெல்லாம் பேரியா, தெருநாய்கூட பேரியா நாய். பிராப்பர் நவுன் காமன் நவுன் ஆனது என்று புத்தகம் ஒரே வரியில் முடித்துவிடும். ஒரு சனத்தின் பெயரைப் பிடுங்கி உலகத்துக்கே உருவகமாகக் கொடுத்துவிட்டார்கள் என்பதை அந்த வரி சொல்லாது. பிரான்சில் பெண்களுக்காகவும் தொழிலாளருக்காகவும் போராடிய ஃப்ளோரா திரிஸ்தான் 1838இல் தன் பயண நூலின் தலைப்பிலேயே தன்னைப் பேரியா என்று அழைத்துக்கொண்டார். அவருடைய வலி உண்மையான வலிதான். ஆனால் அந்த உருவகத்துக்குள் செங்கல்பட்டுச் சேரிக்காரன் ஒருத்தனும் இல்லை. 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தபோது, காமன் நவுனாகிப்போனதை மறுபடியும் பிராப்பர் நவுனாக்கினார் என்றுதான் நான் வகுப்பில் சொல்லித்தருகிறேன்.

அடுத்தது டிப்ரஸ்டு கிளாசஸ். 1906இல் வி. ரா. ஷிண்டே பம்பாயில் தொடங்கிய மிஷனின் பெயரிலேயே இது இருக்கிறது. பிறகு அரசாங்கக் காகிதங்களிலெல்லாம் இதே பெயர்தான். டிப்ரஸ்டு என்பது பாஸ்ட் பார்ட்டிசிபிள். நம் இலக்கணத்தில் சொன்னால் செயப்பாட்டுப் பொருளில் வரும் இறந்தகாலப் பெயரெச்சம்: அழுத்தப்பட்ட. அம்பேத்கர் 1924இல் தொடங்கிய சபையின் பெயரிலும் 1927இல் தொடங்கிய பத்திரிகையின் பெயரிலும் பகிஷ்கிருத் என்ற சொல் இருக்கிறது: விலக்கப்பட்ட. 1935 சட்டத்தில் ஷெட்யூல்டு வந்தது: பட்டியலிடப்பட்ட. 1948இல் வந்த தீண்டப்படாதார் பற்றிய நூலில் அம்பேத்கர் நம் முன்னோரை புரோக்கன் மென் என்கிறார்: உடைக்கப்பட்ட. தலித் என்பதும் அப்படித்தான், நொறுக்கப்பட்ட. எல்லாமே 'பட்ட', 'பட்ட', 'பட்ட'. பாசிவ் வாய்ஸ் பாடத்தில் பை என்ற சொல்லுக்குப் பிறகு ஒரு பெயர் வரும், அதாவது யாரால் என்பது. அந்தப் பெயரை எழுதலாம், எழுதாமலும் விடலாம் என்று இலக்கணமே அனுமதி தருகிறது. நம் பெயர்கள் ஒன்றிலும் அந்தப் பெயர் இல்லை.

இங்கே ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அதிகாரி எழுதுகிற டிப்ரஸ்டும் அம்பேத்கர் எழுதுகிற பகிஷ்கிருத்தும் இலக்கணத்தில் ஒரே வகை, அரசியலில் வேறு வேறு. முதலாவது யாரால் என்பதை மறைக்கிறது. இரண்டாவது அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிறது. 1972இல் பம்பாயில் தலித் என்ற பெயரெச்சத்தோடு பாந்தர் என்ற பெயர்ச்சொல்லைச் சேர்த்தபோது, நொறுக்கப்பட்டது எது, பாய்வது எது என்ற குழப்பம் யாருக்கும் வரவில்லை.

அன்டச்சபிள் என்ற சொல்லில்தான் சூது அதிகம். ஏபிள் என்ற பின்னொட்டு பொருளின் தன்மையைச் சொல்வது. ரீடபிள் என்றால் படிக்கத்தக்கது, அந்தத் தகுதி புத்தகத்தில் இருக்கிறது. அன்டச்சபிள் என்றாலும் அதே கணக்குத்தான், குறை எங்கள் உடம்பில் இருப்பதாக ஆகிவிடுகிறது. தொட மாட்டேன் என்று கையை இழுத்துக்கொள்கிறவன் அந்தச் சொல்லில் எங்குமே கிடையாது. தமிழில் தீண்டத்தகாதவர் என்று சொன்னவர்களும் இதையேதான் செய்தார்கள். ஆனால் தீண்டாமை என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பாருங்கள். அது எதிர்மறைத் தொழிற்பெயர். குறளில் கொல்லாமை, கள்ளுண்ணாமை என்று அதிகாரங்கள் வருகின்றனவே, அதே அமைப்பு. கொல்லாமை யாருடையது? கொல்லாதவனுடையது. கள்ளுண்ணாமை குடிக்காதவனுடையது. அப்படியானால் தீண்டாமை தீண்டாதவனுடையது, ஊர்த்தெருக்காரனுடையது. இலக்கணப்படி தீண்டாதார் என்று அவர்களைத்தான் சொல்ல வேண்டும். நம் தலையில் கட்டி நம்மைத் தீண்டாதார் என்று எழுதினார்கள். பண்டிதர்கள் எவரும் இலக்கணப் பிழை என்று எழுந்து நின்றதாக நான் படித்ததில்லை.

இந்தச் சங்கதியெல்லாம் நம் முன்னோடிகளுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது. இரண்டாம் வட்டமேசை மாநாட்டின்போது 1931 நவம்பரில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் கையெழுத்திட்டுக் கூடுதல் மனு ஒன்று கொடுத்தார்கள். டிப்ரஸ்டு கிளாசஸ் என்ற பெயரை மாற்ற வேண்டும் என்பது அதிலுள்ள கோரிக்கைகளில் ஒன்று. அவர்கள் முன்வைத்த பெயர்கள் மூன்று: நான் காஸ்ட் ஹிண்டூஸ், புராட்டஸ்டன்ட் ஹிண்டூஸ், நான் கன்ஃபார்மிஸ்ட் ஹிண்டூஸ். இந்த மூன்றையும் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் பிரித்துக் காட்டுவேன். ஒன்றுகூட 'பட்ட' இல்லை. புராட்டஸ்டன்ட்டில் உள்ள ஆன்ட் லத்தீன் நிகழ்கால எச்சத்தின் விகுதி, செய்வினைப் பொருள் தருவது: எதிர்க்கிற. கன்ஃபார்மிஸ்டில் இஸ்ட் என்பது செய்கிற ஆளைக் குறிக்கும், முன்னால் நான் சேர்ந்தால் இணங்காத ஆள். லண்டனில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு இவை புதிய சொற்களும் அல்ல. 1529இல் ஜெர்மானிய இளவரசர்கள் கத்தோலிக்கத் தரப்பின் முடிவை எதிர்த்ததில் பிறந்தது முதல் சொல். 1662 சட்டத்துக்குக் கட்டுப்படாமல் இங்கிலாந்து அரசுச் சபையைவிட்டு வெளியேறியவர்களோடு நிலைத்தது மற்றது. வெள்ளைக்காரனின் சரித்திரத்திலிருந்தே சொல்லை எடுத்து, நாங்கள் அழுத்தப்பட்டுக் கிடப்பவர்கள் அல்ல, இணங்க மறுப்பவர்கள் என்று அவன் முன்னால் வைத்திருக்கிறார்கள்.

முதல் பெயரில் உள்ள 'நான்' எனக்கு இன்னொருவரை நினைவூட்டுகிறது. சீனிவாசனின் மைத்துனரான அயோத்திதாசப் பண்டிதர் 'சாதிபேதமற்ற திராவிடர்' என்று சொல்லிவந்தவர். அற்ற என்பதும் நான் என்பதும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. பறையன் என்ற பெயரைப் பற்றி மைத்துனர்கள் இருவருக்கும் ஒத்துப்போகவில்லை. ஆனாலும் லண்டன் மனுவில் பண்டிதரின் அந்த 'அற்ற' எங்கோ ஒலிப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. ஹிண்டூஸ் என்று பின்னால் தொங்குவது உறுத்தத்தான் செய்கிறது. நான்கே வருஷத்தில், 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாக மாட்டேன் என்று சொல்லி அம்பேத்கர் அதையும் வெட்டிவிட்டார். அந்த மூன்று பெயர்களையும் அரசாங்கம் ஏற்கவில்லை. வந்தது ஷெட்யூல்டு. மறுபடியும் பெயரெச்சம்.

பெயரை விட்டுச் சட்டத்துக்கு வருவோம். அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்கிறது, செயப்பாட்டுவினை. தீண்டாமையை மேற்கோள் குறிக்குள் வைத்திருக்கிறது, ஆனால் பொருள் சொல்லவில்லை. 1955 சட்டத்தில் ஹூஎவர், அதாவது எவரொருவர் என்று எழுவாய் வந்துவிடுகிறது. ஆனால் அந்த எவருக்குச் சாதி இல்லை. 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3ஆம் பிரிவில்தான், பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாத எவரொருவர் என்று எழுவாய்க்கு ஓர் அடைமொழி சேர்ந்தது. யாரால் என்ற கேள்விக்கு, எதிர்மறையாகவாவது, பதில் எழுதிய சட்டம் இது. ஊரில் இன்னமும் எல்லா வழக்கையும் 'பிசிஆர் கேஸ்' என்றுதான் சொல்கிறோம். அது 1955 சட்டத்துக்கு 1976இல் கிடைத்த புதுப் பெயரின் சுருக்கம்.

இந்த அடைமொழி அலங்காரம் இல்லை, அதை வைத்துத்தான் வழக்கு நிற்கிறது, விழுகிறது. முதல் தகவல் அறிக்கையில் குற்றம் சாட்டப்பட்டவரின் சாதியை எழுதவில்லை என்று சொல்லியே வழக்கை ரத்துசெய்யக் கேட்டார்கள். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் ரத்துசெய்ய முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. கீழ்வெண்மணியில் 1968 டிசம்பர் 25 இரவு 44 பேர் ஒரு குடிசைக்குள் வைத்துக் கொளுத்தப்பட்டார்கள். கீழ்க்கோர்ட்டு தண்டித்த நிலக்கிழார்களை மேல்முறையீட்டில் உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. எரித்தார்கள் என்ற வினைக்கு எழுவாய் இல்லாமல் போய்விட்டது. எரிந்தார்கள் என்பது மட்டும் மிச்சம்.

அதனால் வாய்ஸ் பாடம் வரும்போது பூனை எலியைக் கொன்றது, எலி பூனையால் கொல்லப்பட்டது என்பதோடு நான் நிறுத்துவதில்லை. பேப்பரிலிருந்து ஒரு செய்தியைக் கத்தரித்துக் கொண்டுவரச் சொல்லுவேன். குடிசைகள் தீக்கிரையாயின, இரு தரப்பினரிடையே மோதல், வாலிபர் தாக்கப்பட்டார் என்றுதான் இருக்கும். ஒவ்வொரு வரியையும் ஆக்டிவ் வாய்ஸில் மாற்றி எழுத வேண்டும். யார் என்று செய்தியில் இல்லாவிட்டால் அந்த இடத்தில் கோடு போட்டுவிட வேண்டும். போன வாரம் ஒரு புள்ள கொண்டுவந்த நோட்டில் ஒன்பது வாக்கியம், ஒன்பது கோடு.