ஆமையிலிருந்து ஆசாதிசாட் வரை

தேனி மாவட்டத்துப் பொட்டிப்புரம் என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது நியூட்ரினோ ஆய்வகம்தான். சுமார் 1,500 கோடி ரூபாய் திட்டம். 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பிறகு எதிர்ப்பு, வழக்குகள்... மலைக்குள் ஆய்வகம் இன்னும் எழவில்லை. ஆனால் பக்கத்து மதுரை மாவட்டத்தில், திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளிக்கு உள்ளங்கையில் அடங்கும் ஒரு விஞ்ஞானம் வந்து சேர்ந்தது. அது வந்த வழி நீளமானது.

1967-ல் அமெரிக்காவில் சீமோர் பேப்பர்ட்டும் நண்பர்களும் குழந்தைகளுக்காக 'லோகோ' என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் அந்த மொழிக்குக் கட்டுப்பட்டுத் தரையில் ஊர்ந்து படம் வரையும் ஒரு ரோபோவும் வந்தது. அதற்குப் பெயர் ஆமை! ஆமை தப்பான பக்கம் திரும்பினால் குழந்தைக்கு மதிப்பெண் குறையாது. எந்தக் கட்டளையில் பிழை என்று தேடித் திருத்த வேண்டும், அவ்வளவுதான். பிழையைத் தேடுவதே படிப்பு என்றார் பேப்பர்ட். 1980-ல் வெளிவந்த அவருடைய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' நூலின் பெயரைத்தான் 1998-ல் லெகோ நிறுவனம் தன் ரோபோ கிட்டுக்கு வைத்தது.

லெகோ கிட்டின் விலை நம் ஊர்ப் பள்ளிகளுக்கு எட்டாதது. 2005-ல் இத்தாலியில் பிறந்த 'ஆர்டுயினோ' என்ற மலிவான மின்சுற்றுப் பலகை அந்தக் கதவைத் திறந்தது. 2016-ல் நிதி ஆயோக், பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைக்க ஆளுக்கு 20 லட்சம் ரூபாய் வரை தரும் திட்டத்தைத் தொடங்கியது.

அடுத்து வந்தது 'ஆசாதிசாட்'. சென்னையைச் சேர்ந்த ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பு, நாடு முழுவதும் 75 அரசுப் பள்ளிகளிலிருந்து 750 மாணவிகளைச் சேர்த்தது. ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 50 கிராம் எடையுள்ள ஒரு சின்னக் கருவி. அதன் சிப்புக்கு நிரல் எழுதுவது மாணவிகளின் வேலை. திருமங்கலத்திலிருந்து 10 பேர் கலந்துகொண்டார்கள். 75 கருவிகளும் சேர்ந்த செயற்கைக்கோளின் எடை 8 கிலோ.

2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் முதன்முறையாகக் கிளம்பியது. 356 கி.மீ. வட்டப்பாதைக்குப் பதிலாக, ஒரு பக்கம் 76 கி.மீ. வரை தாழ்ந்த பாதையில் போய்ச் சேர்ந்தது. செயற்கைக்கோள் வீணானது. காரணம் என்ன தெரியுமா? இரண்டாம் நிலை பிரிந்தபோது ஏற்பட்ட அதிர்வில் முடுக்கமானிகள் சற்று நேரம் தடுமாறின. அவை பழுதாகிவிட்டதாக ராக்கெட்டின் நிரல் முடிவு செய்துவிட்டது! மாணவிகளின் நிரலில் தப்பில்லை. அவர்களைச் சுமந்து சென்ற ராக்கெட்டின் நிரல்தான் ஏமாந்தது.

இஸ்ரோ செய்ததும் அந்த ஆமைப் பாடத்தைத்தான். பிழை எங்கே என்று தேடியது, நிலைகள் பிரியும் முறையையும் பழுதைக் கண்டறியும் நிரலையும் திருத்தியது. 2023 பிப்ரவரி 10 அன்று அடுத்த எஸ்.எஸ்.எல்.வி., ஆசாதிசாட்-2 செயற்கைக்கோளை 450 கி.மீ. உயரத்தில் சரியாகச் சேர்த்தது.

பாடப்புத்தகத்தில் விடை தப்பானால் சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி, அதோடு முடிந்தது. கிட்டில் விடை தப்பானால் வேலை அங்கேதான் ஆரம்பிக்கிறது. கோடி ரூபாய் ஆய்வகம் வந்தாலும் வராவிட்டாலும், இந்தப் பழக்கம் ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் வந்தாக வேண்டும்.