ஆட்டுக் கொழுப்பு உறைவது ஏன்?

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டால் கடையநல்லூர் வரைக்கும் காற்று குளிர்ந்துவிடும். அந்நாள்களில் ஆட்டுக்கறிக் குழம்பைச் சற்று ஆறவிட்டுப் பாருங்கள். மேலே வெள்ளையாக ஓர் ஏடு கட்டி நிற்கும். பக்கத்துக் கிண்ணத்திலுள்ள கடலை எண்ணெயோ அப்படியே இருக்கும். கொடைக்கும் பக்ரீதுக்கும் கிடாய் வளர்ப்போர் அந்தக் கடலையின் புண்ணாக்கைத்தானே ஊட்டுகிறார்கள்? மரச்செக்குப் புண்ணாக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்கு அளவில் எண்ணெய் தங்கியிருக்கும். இளகிய எண்ணெயைத் தின்ற ஆட்டின் உடம்பில் கெட்டிக் கொழுப்பு சேர்வது எப்படி? இதற்கு விடை காண அறிவியலுக்கு நூறாண்டுக்கு மேல் பிடித்தது.

கொழுப்பைச் சோப்பாக்கி, பிறகு அமிலம் சேர்த்துப் பிரித்து, அதிலுள்ள கொழுப்பு அமிலங்களை முதன்முதலில் வேறுபடுத்திக் காட்டியவர் பிரெஞ்சு வேதியியலார் செவ்ரூல். அவருடைய நூல் 1823-இல் வெளிவந்தது. ஆட்டுக் கொழுப்பில் அவர் கண்ட கெட்டியான அமிலமே ஸ்டீரிக் அமிலம். 'ஸ்டீயர்' என்ற கிரேக்கச் சொல்லுக்குக் கெட்டிக் கொழுப்பு என்றே பொருள்.

ஸ்டீரிக் அமிலத்தில் 18 கார்பன் அணுக்கள் உள்ளன. ஆளிவிதை எண்ணெயில் மிகுந்துள்ள லினோலெனிக் அமிலத்திலும் 18-தான். வேறுபாடு ஆறே ஆறு ஹைட்ரஜன் அணுக்கள்! லினோலெனிக் அமிலத்தில் மூன்று இரட்டைப் பிணைப்புகள் இருப்பதால் அதன் சங்கிலி வளைந்து கிடக்கிறது. மூலக்கூறுகள் நெருங்கி அடுங்குவதில்லை. ஆகவே அது −11° செ.-இல்தான் உறையும். ஆறு ஹைட்ரஜன் அணுக்களையும் ஏற்றிவிட்டால் சங்கிலி நிமிர்ந்து ஸ்டீரிக் அமிலமாகிறது. அதன் உருகுநிலை 69° செ.

வனஸ்பதி ஆலையில் இதே வேலையை நிக்கலை வினையூக்கியாக வைத்து, 150 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் செய்வார்கள். ஆட்டின் வயிற்றில் நிக்கலும் இல்லை, அத்தனை சூடும் இல்லை. 1951-இல் அமெரிக்காவில் ரெய்சர் என்பவர் ஆட்டின் முதல் இரைப்பைச் சாற்றுடன் ஆளிவிதை எண்ணெயைச் சேர்த்து வைத்துப் பார்த்தார். லினோலெனிக் அமிலம் குறைந்துபோயிற்று. அந்த இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களே, 39 டிகிரிச் சூட்டில், ஹைட்ரஜனை ஏற்றிவிடுகின்றன! வனஸ்பதியை நாம் கண்டுபிடித்ததாகப் பெருமை கொள்வது சற்று மிகையே.

இந்த நுண்ணுயிர்களை ஏமாற்றவும் வழி கண்டார்கள். 1970-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் ஸ்காட் என்பவரும் அவருடைய குழுவினரும் எண்ணெய்த் துளிகளைப் பால் புரதத்தால் மூடி, ஃபார்மால்டிஹைடால் அதை இறுக்கினர். அவ்வுறை முதல் இரைப்பையில் கரையாது. புளிப்பு மிகுந்த நான்காம் இரைப்பையில் கரையும். இத்தீவனத்தைத் தின்ற ஆடுகளின் கொழுப்பு இளகியது. ஆனால் இளகிய கொழுப்பு காற்றுப் பட்டு எளிதில் சிக்கு வாடை கொள்ளும் என்பதை மறக்கலாகாது.

இன்னொரு செய்தி இதைவிடப் பெரிது. ஆடு தின்னும் தீவன ஆற்றலில் ஏறத்தாழ நூற்றுக்கு ஆறு பங்கு மீத்தேன் வாயுவாகி, ஏப்பத்தில் வீணாகிறது. கார்பன் டை ஆக்சைடைவிடப் பன்மடங்கு வலுவாகப் புவியைச் சூடாக்கும் வாயு அது. 1966-இல் ஸ்காட்லாந்தில் செர்காவ்ஸ்கி, பிளாக்ஸ்டர், வெயின்மன் மூவரும் ஆடுகளுக்கு இரட்டைப் பிணைப்புள்ள அமிலங்களைக் கொடுத்து மீத்தேனை அளந்தனர். அது குறைந்தது. அமிலங்கள் ஹைட்ரஜனை இழுத்துக்கொண்டதால் என்று மட்டும் சொல்லலாமா? கணக்கு ஒத்துவரவில்லை, குறைவு அதைவிட மிக அதிகம். இரட்டைப் பிணைப்பே அரிதான தேங்காய் எண்ணெயும் மீத்தேனைக் குறைப்பதை, 1999-இல் சுவிட்சர்லாந்தில் மாக்முல்லரும் குரோய்சரும் ஆடுகளில் அளந்து காட்டினர். ஆக, எண்ணெய் அந்த நுண்ணுயிர்களையே அடக்குகிறது என்பது தெளிவு.

அடங்குபவை மீத்தேன் உண்டாக்குபவை மட்டும் அல்ல. நார் செரிக்க உதவுபவையும் அடங்கும். ஆடு தீவனத்தை ஒதுக்கும், கழியும். அதனால் உலர்தீவனத்தில் மொத்தக் கொழுப்பு நூற்றுக்கு ஆறு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது வழக்கம்.

'கிடாய் கொழுக்கட்டும்' என்று தீவனத்தில் எண்ணெய் ஊற்ற நினைப்பவர் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். நாளொன்றுக்கு ஒரு கிலோ உலர்தீவனம் தின்னும் ஆட்டுக்கு வரம்பு 60 கிராம். 200 கிராம் செக்குப் புண்ணாக்கில் 20 கிராம் வந்துவிடும். மீதி 800 கிராம் தழை, தட்டையில் இன்னொரு 20 கிராம் இருக்கும். மேலே ஊற்ற எஞ்சுவது 20 கிராம்தான். கரைப்பான் ஊற்றி எண்ணெயை வடித்தெடுக்கும் ஆலையின் புண்ணாக்கானால் அதில் நூற்றுக்கு ஒரு பங்கே எண்ணெய். அப்போது 38 கிராம் வரை இடமுண்டு.