மூன்று சக்கரக் குழந்தை வண்டி

பின்னால் இரண்டு, முன்னால் ஒன்று எனச் சக்கரங்கள் அமைந்து, பெரியவர் பின்னிருந்து தள்ளிச் செல்லும் இருக்கை வண்டியே மூன்று சக்கரக் குழந்தை வண்டி. கடைகளில் ‘ஸ்ட்ரோலர்’ என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்கள். பெரும்பாலான வண்டிகளில் ஆறு மாதக் குழந்தை முதல் மூன்று, நான்கு வயதுப் பிள்ளை வரை உட்காரலாம். தமிழ் வீடுகளில் பிள்ளை பிடித்து நடை பழகும் மர நடைவண்டிக்கும் மூன்று சக்கரம்தான் என்றாலும் அது வேறு பொருள்.

இதில் இரண்டு கிளைகள் உண்டு. ஒன்று, குழந்தையைத் தள்ளிக்கொண்டே ஓடுவதற்கான பெரிய வண்டி. மற்றது, மடித்தால் கார் டிக்கியிலோ பேருந்து இருக்கை ஓரத்திலோ அடங்கும் சிறிய நகர வண்டி. பெரிய டயரும் நீண்ட உடலும்தான் மூன்று சக்கர வண்டிக்கு நல்ல பெயர் வாங்கித் தந்தவை. அதைச் சிறிதாக்கத் தடையாக நிற்பவையும் அவையே. ஆகவே சிறிய வண்டி எதுவானாலும் எதையோ விட்டுக்கொடுத்துத்தான் சிறிதாகியிருக்கும். எதை விட்டுக்கொடுத்திருக்கிறது, அது தன் வீட்டுக்கு ஒத்துவருமா என்பதே வாங்குபவர் பார்க்க வேண்டியது.

வரலாறு

1733-இல் இங்கிலாந்தில் டெவன்ஷயரின் மூன்றாம் கோமகனுடைய பிள்ளைகளுக்காக, கட்டிடக் கலைஞரும் தோட்ட வடிவமைப்பாளருமான வில்லியம் கென்ட் சிப்பி வடிவில் ஒரு வண்டி செய்து கொடுத்தார். அதைத் தள்ள வேண்டியதில்லை. சிறு விலங்கொன்றைப் பூட்டி இழுக்க விடலாம். 1889-இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சேர்ந்த வில்லியம் ரிச்சர்ட்சன், குழந்தை தள்ளுபவரைப் பார்த்தபடியோ வெளியே பார்த்தபடியோ படுக்கும் வகையில் திருப்பி வைக்கக்கூடிய தொட்டில் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரையிலும் அதற்குப் பின் நெடுங்காலமும் குழந்தை வண்டி என்பது வாசலிலேயே நிறுத்தி வைக்க வேண்டிய கனத்த பொருளாகவே இருந்தது.

அதை மடக்கியவர் ஒரு விமானப் பொறியாளர். இரண்டாம் உலகப் போரில் பறந்த ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தின் இறங்குசக்கர அமைப்பில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன், பறக்கும்போது உள்ளே மடங்கிக்கொள்ளும் கால்களை நன்கறிந்தவர். கனமான வண்டியோடு மகளும் பேரக்குழந்தையும் படும் பாட்டைக் கண்டு, அலுமினியக் குழாய்களால் ஆன, குடைபோல் மடங்கும் வண்டியை உருவாக்கி 1965-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அதன் எடை 3 கிலோவுக்கும் குறைவு. இன்றுவரை சந்தையில் உள்ள குடைமடிப்பு வண்டிகளுக்கெல்லாம் அதுவே முன்னோடி.

மூன்றாவது சக்கரம் வந்தது ஓட்டப் பழக்கத்தால். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் யாகிமா என்ற ஊரில் பத்திரிகையாளராக இருந்த ஃபில் பெக்லருக்கு, ஓடப் போகும்போது மகனையும் அழைத்துச் செல்ல ஆசை. சிறு சக்கர வண்டிகள் கரடுமுரடான பாதையில் திணறின. வண்டிச் சட்டத்தில் மிதிவண்டிச் சக்கரங்களைப் பொருத்திப் பார்த்தார். அந்த முயற்சி 1984-இல் ‘பேபி ஜாகர்’ நிறுவனமாயிற்று. நியூசிலாந்தின் மலைப் பாதைகளை மனத்தில் வைத்து 1990-களில் ‘மவுன்டன் பக்கி’ அங்கே பிறந்தது. பின்னர் 2009-இல் வெலிங்டனைச் சேர்ந்த ‘ஃபில் அன்ட் டெட்ஸ்’ நிறுவனத்தின் கைக்குப் போயிற்று.

2000-க்குப் பிறகு நகரத்துப் பெற்றோர் இந்த வண்டியின் இலகுவான திருப்பத்தை மட்டும் கேட்டார்கள். ஓட்டம் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. டச்சு நிறுவனமான க்வின்னியின் ‘ஸாப்’ சுமார் 6 கிலோவில் வந்தது. மடித்தால் சிறு மூட்டையளவுக்குச் சுருங்கும். ஆனால் அதன் முதல் வடிவத்தில் இருக்கை சாயாது. பேபி ஜாகரின் ‘சிட்டி மினி’ வேறு வழியில் போனது. இருக்கையின் நடுவிலுள்ள பட்டையைப் பிடித்துத் தூக்கினால் வண்டி இரண்டாக மடியும். இருக்கை ஏறக்குறையப் படுக்கையாகச் சாயும். எடை சுமார் 8 கிலோ. சிறியது என்ற ஒரே சொல்லுக்குள் எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதற்கு இவ்விரண்டும் நல்ல எடுத்துக்காட்டுகள்.

மூன்று சக்கரத்தின் இயல்பு

மேடுபள்ளமான தரையில் முக்காலி ஆடாது. மூன்று புள்ளிகள் எப்போதும் ஒரே தளத்தில் அமையும். அதே காரணத்தால் கற்கள் பதித்த நடைபாதையில் மூன்று சக்கரங்களும் தரையை விடாமல் தொடும். நான்கு சக்கர வண்டியின் சட்டம் விறைப்பாக இருந்தால் ஒரு சக்கரம் அந்தரத்தில் நிற்கும். முன்னால் ஒரே சக்கரம் என்பதால் திருப்புவதும் எளிது. ஒன்றோடொன்று முரண்டு பிடிக்க இரண்டாவது முன்சக்கரம் இல்லை. கையில் பையோ குடையோ இருக்கும்போது ஒரு கையால் தள்ள இது உதவும். நடைபாதை விளிம்பில் ஏற, கைப்பிடியைக் கீழே அழுத்தி முன்சக்கரத்தைத் தூக்கினால் போதும்.

கவிழும் விஷயத்தில் கணக்கு மாறுகிறது. சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்களை இணைத்தால் ஒரு முக்கோணம் கிடைக்கும். பிள்ளையும் வண்டியும் சேர்ந்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். முக்கோணம் முன்னோக்கிக் குறுகிக்கொண்டே போவதால், பிள்ளை முன்பக்கமாகச் சாய்ந்து ஓரத்தில் எட்டிப் பார்க்கும்போதும், வேகமாகத் திருப்பும்போதும் மையம் விளிம்பை நெருங்கும். பெரிய ஓட்ட வண்டிகள் பின்சக்கரங்களை அகலமாக விரித்து, முன்சக்கரத்தைத் தொலைவில் வைத்து இதைச் சமாளிக்கின்றன. சிறிய வண்டியில் அகலமும் நீளமும் குறைகின்றன. எனவே இருக்கை எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று கவனிப்பது இங்கே முக்கியம்.

சில இடங்களில் மூன்றாவது சக்கரமே தொல்லை. படிகளின் மேல் இரு தடங்களாக மட்டும் பலகை போட்ட சாய்தளத்தில் நடுச்சக்கரத்துக்குப் போக வழியிருக்காது. ரயிலுக்கும் நடைமேடைக்கும் இடையிலுள்ள இடைவெளியில் சிறிய முன்சக்கரம் குறுக்காகத் திரும்பிச் சிக்கலாம். வண்டியைத் திருப்பிப் பின்சக்கரங்கள் முதலில் கடக்கும்படி இழுப்பதே வழக்கம். எஸ்கலேட்டரில் எந்த ஸ்ட்ரோலரையும் ஏற்றக் கூடாது.

சக்கரமும் டயரும்

ஓட்ட வண்டிகளுக்குப் பொதுவாக 12 முதல் 16 அங்குலச் சக்கரங்கள். நகர வண்டிகளுக்கு அதைவிடச் சிறியவை. சக்கரம் பெரிதானால் குழியும் வேகத்தடையும் உறைக்காது, மடித்த அளவு மட்டும் பெருகும். காற்றடைத்த டயர் அதிர்வை நன்றாகத் தாங்கினாலும் பஞ்சராகும், அவ்வப்போது காற்றடிக்கவும் வேண்டும். நுரைப் பொருளால் ஆன டயருக்குப் பராமரிப்பு இல்லை. கல் பாவிய தெருவில் அதிர்வு இருக்கையில் தெரியும். பேரங்காடி, அடுக்கக வளாகம், பூங்காவின் சிமென்ட் பாதை என்று சுற்றும் குடும்பத்துக்கு நுரை டயர் போதும். மண்பாதையும் ஜல்லியும் அன்றாடமானால் காற்று டயரே பொருத்தம்.

முன்சக்கரம் தானே சுழல வேண்டும். தேவைப்படும்போது நேராக நிறுத்திப் பூட்டவும் வேண்டும். மணலிலும் இறக்கத்திலும் பூட்டிவைத்தால் வண்டி நேர்கோட்டில் போகும். மூன்று சக்கரம் இருப்பதாலேயே ஒரு வண்டி ஓடுவதற்கு ஏற்றதாகிவிடாது. சிறிய நகர வண்டிகள் பெரும்பாலும் நடைக்கானவை. குறிப்பேட்டில் தெளிவாக அனுமதி இருந்தாலொழிய அவற்றைத் தள்ளிக்கொண்டு ஓடுவது ஆபத்து. ஓட்ட வண்டியிலும் குழந்தைக்கு ஆறு முதல் எட்டு மாதமாவது ஆகியிருக்க வேண்டும் என்று தயாரிப்பாளர்கள் வரம்பு வைக்கிறார்கள்.

முன்சக்கரம் எளிதில் கழன்று வரும் வசதிக்கு இன்னொரு பக்கம் உண்டு. 2018 பிப்ரவரியில் அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம், பாப் வகை ஓட்ட வண்டிகளின் முன்சக்கரம் எதிர்பாராமல் கழல்வதாகக் கூறி பிரைட்டாக்ஸ் நிறுவனத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. 2012 முதல் சுமார் 200 புகார்கள் வந்ததாகவும், குறைந்தது 50 குழந்தைகள் காயமடைந்ததாகவும் ஆணையம் சொன்னது. சக்கரத்தைச் சரியாகப் பூட்டினால் குறையில்லை என்பது நிறுவனத்தின் வாதம். அதே ஆண்டு நவம்பரில் விழிப்புணர்வுப் பிரசாரம், மாற்றுப் பாகங்கள் என்ற ஏற்பாட்டோடு விவகாரம் முடிந்தது. சக்கரத்தைக் கழற்றி மாட்டினால், புறப்படும் முன் வண்டியைத் தூக்கி அதை இழுத்துப் பார்ப்பது நல்லது.

மடிப்பும் அளவும்

மடிக்கத் தெரியாத வண்டி ஒரு நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 2012-இல் இங்கிலாந்தின் வெதர்பியிலிருந்து லீட்ஸ் செல்லும் பேருந்தில் சக்கர நாற்காலிக்கான இடத்தில் ஒரு தாயும் குழந்தை வண்டியும் இருந்தனர். வண்டி மடியாது என்று அவர் சொல்ல, சக்கர நாற்காலியில் வந்த டக் பாலி பேருந்தில் ஏற முடியவில்லை. ஓட்டுநர் வெறுமனே கேட்டுக்கொள்வதோடு நின்றுவிடக் கூடாது, இடம் விடும்படி மேலும் வற்புறுத்த வேண்டும் என்று 2017 ஜனவரியில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் கூறியது. சிங்கப்பூரில் நிலைமை வேறு விதமாகத் திரும்பியது. அங்கே பேருந்தில் ஏறுமுன் வண்டியை மடித்தாக வேண்டும் என்றிருந்த விதி தளர்ந்து, 2017 ஏப்ரல் முதல் விரித்த வண்டியோடும் ஏறலாம் என்றாயிற்று. தான் பயணம் செய்யும் ஊரின் விதி தெரிந்தால், ஒரு கை மடிப்பு அவசியமா வெறும் வசதியா என்பது விளங்கிவிடும்.

கடையில் மூன்று அளவுகளைக் கேட்க வேண்டும்: விரித்த அகலம், மடித்த அளவு, எடை. அகலம் வீட்டுக் கதவுக்கும் லிஃப்ட்டுக்கும். மூன்று சக்கர வண்டிகளில் பின்புறமே அகலமானது. சிறிய வகைகள் பல 60 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். மடித்த அளவு டிக்கிக்கு. முன்சக்கரம் நீட்டிக்கொண்டு நிற்பதால் இவை நான்கு சக்கரக் குடைமடிப்பு வண்டிபோல் ஒல்லியாக ஒடுங்குவதில்லை. எடை, லிஃப்ட் இல்லாத மாடிக்கு. அமெரிக்காவின் டிஸ்னி பூங்காக்கள் 2019 மே முதல் 79 சென்டிமீட்டர் அகலத்தையும் 132 சென்டிமீட்டர் நீளத்தையும் ஸ்ட்ரோலருக்கு உச்சவரம்பாக வைத்துள்ளன. ஒற்றைக் குழந்தைக்கான நகர வண்டிகள் இதற்குள் எளிதாக அடங்கும்.

மடிக்கும்போது பிள்ளையின் கை அருகில் இருக்கக் கூடாது. கீல்களில் சிக்கி அமெரிக்காவில் 12 குழந்தைகளின் விரல்நுனி துண்டானதாகத் தெரிந்த பின், 2009 நவம்பரில் மெக்லாரன் நிறுவனம் அங்கு விற்ற சுமார் 10 லட்சம் வண்டிகளுக்குக் கீல் உறைகள் அளித்தது. உறையிட்ட கீலும், தானே விழுந்து மாட்டிக்கொள்ளும் பூட்டும் பார்த்து வாங்க வேண்டியவை.

இருக்கை, பட்டை, பிரேக்

ஐரோப்பியத் தரமான இஎன் 1888, இருக்கைக்கும் முதுகுப்பலகைக்கும் இடையிலான கோணம் 150 டிகிரிக்குக் குறைவாக உள்ள வண்டி ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ஏற்றதல்ல என்கிறது. கழுத்து நிற்காத சிசு உட்கார்ந்த நிலையில் தலை முன்னே தொங்கினால் மூச்சுப்பாதை மடங்கும். பச்சிளம் குழந்தைக்கு முழுதாகச் சாயும் இருக்கையோ தனித் தொட்டிலோ வேண்டும்.

இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனைப் பட்டை இருக்க வேண்டும். அமெரிக்காவில் 1990 முதல் 2010 வரை, ஐந்து வயதுக்குட்பட்ட சுமார் 3,61,000 குழந்தைகள் ஸ்ட்ரோலர் அல்லது சுமக்கும் கூடை தொடர்பான காயங்களுக்கு அவசர சிகிச்சை பெற்றதாக 2016-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஸ்ட்ரோலர் காயங்களில் மூன்றில் இரண்டு பங்கு விழுந்ததால் வந்தவை. 16 சதவீதம் வண்டி கவிழ்ந்ததால். கைப்பிடியில் காய்கறிப் பையை மாட்டிவிட்டுப் பிள்ளையை இறக்கினால் இலகுவான வண்டி பின்னோக்கிச் சாயும். பை இருக்கைக்குக் கீழுள்ள கூடையில்தான் போக வேண்டும்.

2009 அக்டோபரில் மெல்போர்னின் ஆஷ்பர்டன் ரயில் நிலையத்தில், ஒரு கணம் கைவிட்ட வண்டி உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. வந்துகொண்டிருந்த ரயில் அதை இழுத்துச் சென்றும் உள்ளே இருந்த குழந்தை சிறு காயத்தோடு பிழைத்தது. நடைமேடை தண்டவாளத்தை நோக்கி லேசாகச் சரிந்திருந்தாலே போதும், நல்ல சக்கரம் உருளும். ஆஸ்திரேலியா 2007-இல் வெளியிட்ட கட்டாய விதி, சிவப்பு நிறப் பிரேக் நெம்புகோலையும் மணிக்கட்டில் மாட்டும் பட்டையையும் கேட்டது. பிரேக் இரு பின்சக்கரங்களையும் ஒரே மிதியில் பிடிக்கிறதா, செருப்புக் காலால் விடுவிக்க முடிகிறதா என்று கடையிலேயே பார்த்துவிடலாம்.

வெயிலும் புகையும்

பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகத்தில் பிரசாந்த் குமார் தலைமையிலான குழு, வண்டியில் உள்ள குழந்தையின் மூச்சு தரையிலிருந்து 55 முதல் 85 சென்டிமீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், வாகனப் புகை அங்கே பெரியவர் முகத்தைவிட அடர்த்தியாக இருக்கலாம் என்றும் 2018-இல் எழுதியது. தாழ்ந்த இருக்கை கவிழாமைக்கு நல்லது, புகைக்கு ஆகாது. சந்திப்புகளில் காத்திருக்கும்போது வண்டியைச் சாலை விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்துவது இதற்கு ஒரு தீர்வு.

வெயிலுக்கு நீண்ட மேற்கூரையும், பின்னால் காற்று வரும் வலைச் சாளரமும் வேண்டும். துணி போர்த்துவது தவறு. 2014-இல் ஒரு சுவீடன் நாளிதழ் செய்த சோதனையில், மூடாதபோது 22 டிகிரி செல்சியஸாக இருந்த வண்டியின் உட்புறம், மெல்லிய துணி போர்த்தியதும் அரை மணி நேரத்தில் 34 டிகிரியைத் தொட்டது. ஒரு மணி நேரத்தில் 37.

பழைய வண்டி

பிள்ளை சீக்கிரம் வளர்ந்துவிடுவதால் கைமாறிய வண்டிகள் ஏராளம். பார்க்க வேண்டியவை: முன்சக்கர ஊசலாட்டம், பிரேக்கின் பல் தேய்மானம், பட்டைக் கொக்கியின் பிடி, மடிப்புப் பூட்டின் இறுக்கம். சட்டத்தில் ஒட்டியுள்ள வில்லையில் மாடலும் தயாரிப்புத் தேதியும் இருக்கும். அதைக் கொண்டு திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உண்டா என்று தேடலாம். அமெரிக்காவில் ஸ்ட்ரோலர்களுக்கான கட்டாயத் தரம் 2015 செப்டம்பர் 10 முதல் தயாரான அல்லது இறக்குமதியான வண்டிகளுக்கே பொருந்தும். அதற்கு முந்தையவை, உற்பத்தியாளர்கள் விரும்பி ஏற்ற தரத்தின்கீழ் வந்தவை.