மறிச்சுக்கட்டி: சிப்பி குவிந்த கரை

சிலாவத்துறையிலிருந்து தெற்கே போனால் கொண்டச்சி, பாலைக்குழி, கரடிக்குழி, அதற்கப்பால் மறிச்சுக்கட்டி. அதோடு வீடுகள் முடிந்து காடு தொடங்கிவிடும். இன்று அந்தப் பாதையால் போகிறவர்கள் "இங்கே யார் இருந்திருப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். நமது பிள்ளைகளில் சிலரும் அப்படித்தான் கேட்கிறார்கள். அவர்கள் புத்தளத்தில் பிறந்தவர்கள், அவர்கள் மேல் குறையில்லை.

சிலாவத்துறை என்ற பெயரையே எடுத்துக்கொள்வோம். முத்துக்குளிப்புக்குச் சலாபம் என்று ஒரு பழைய சொல் உண்டு. சலாபம் நடந்த துறைதான் நாவில் புரண்டு சிலாவத்துறையானது என்பார்கள். பக்கத்தில் அரிப்புக் கரையில் கடல் அரித்துக்கொண்டிருக்கும் பாழடைந்த மாளிகை, ஆங்கிலேயரின் முதல் தேசாதிபதி பிரட்ரிக் நோர்த் 1800களின் தொடக்கத்தில் கட்டியது. முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்யத்தான் அந்த மாளிகை.

1900களின் தொடக்கத்தில் குளிப்பு முகாம் மறிச்சுக்கட்டிக்கு வந்தது. வெறும் மணற்கரையில் சில வாரங்களில் கிடுகுக் கொட்டில்களால் ஒரு பட்டினம் எழும். கீழக்கரை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் என்று எல்லாப் பக்கத்தாரும் வந்தார்கள், அரபுக் குளியாட்களும் வந்தார்கள். வள்ளங்கள் கரை சேர்ந்ததும் சிப்பிகளைக் 'கொட்டு' என்ற அடைப்புக்குள் கொண்டுபோய் மூன்று பங்காகக் குவிக்க வேண்டும். ஒரு பங்கு குளித்தவர்களுக்கு, இரண்டு பங்கு அரசுக்கு. மூச்சைப் பிடித்துக் கடலடிக்குப் போனவனுக்கு மூன்றில் ஒன்று! 1905இல் மட்டும் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, அரசுக்குக் கிடைத்தது சுமார் 25 இலட்சம் ரூபாய். அடுத்த வருடம் அங்கே கடமை பார்த்த அதிகாரிகளில் ஒருவர்தான், பின்னர் இலங்கைக் காட்டுக் கிராமத்தைப் பற்றிய நாவலால் பேர்பெற்ற லெனார்ட் வூல்ஃப். கரையில் அழுகிய சிப்பியின் நாற்றத்தை அவரும் மறக்கவில்லை.

1906இல் முத்துப் படுகைகள் லண்டன் கம்பனி ஒன்றுக்கு 20 வருடக் குத்தகைக்குப் போயின. 1907க்குப் பிறகு சிப்பியே இல்லை, கம்பனியும் நொடித்தது. 1925இல் ஒரு குளிப்பு, அத்தோடு சரி. வந்தவர்கள் போய்விட்டார்கள். குளம், வயல், மாடு, கடல் என்று வாழ்ந்த நமது மூத்தவர்கள் இருந்தார்கள்.

1990 ஒக்டோபர் கடைசி வாரத்தில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். முசலி வெறுமையானது. யுத்தம் முடிந்து 2009க்குப் பின் நம்மவர்கள் திரும்பியபோது கிணற்றடியைக் கண்டுபிடிக்கவே கத்தியால் பற்றை வெட்ட வேண்டியிருந்தது. ஏறத்தாழ இருபது வருடம் ஆளில்லாத காணியில் மரம் வளராமல் என்ன செய்யும்? ஆனால் 2012இலும் 2017இலும் வந்த வர்த்தமானிகள் இப்பகுதியின் பெரும் நிலப்பரப்பை ஒதுக்கப்பட்ட வனமாக்கின. வில்பத்து தேசியப் பூங்காவின் வட எல்லை மோதரகம் ஆறு, ஊர் ஆற்றுக்கு இப்பால். தொலைக்காட்சிகளோ "வில்பத்துவை அழிக்கிறார்கள்" என்றன. கல்லாற்றுப் பகுதியில் அழித்த காட்டை மீள நடும்படி 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பையும் நாம் மறைக்கத் தேவையில்லை. காடு வெட்டியது வேறு, பழைய குடியிருப்புக்குத் திரும்பியது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும்போது நமக்கு வேண்டியது கோபமல்ல, கடதாசி.

எனவே மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குழி, கொண்டச்சி உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். 1990க்கு முந்திய காணி உறுதி, பெர்மிட், பங்கீட்டு அட்டை, வாக்காளர் இடாப்பு, பாடசாலை விடுகைப் பத்திரம், பள்ளிவாசல் கணக்குக் கொப்பி, கல்யாணப் பதிவு எது இருந்தாலும் படமெடுத்து வையுங்கள். மூலப் பிரதியை யாருக்கும் கொடுக்க வேண்டாம். பழைய கிணறு, மையவாடி, குளக்கட்டு எங்கே என்று சொல்லக்கூடிய மூத்தவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். இந்த விடுமுறையில் பிள்ளைகளை அவர்களிடம் கொப்பியோடு அனுப்புங்கள். இடங்களின் பெயர்களைக் கருத்துப் பகுதியில் எழுதுங்கள், ஒரு பட்டியலாக்கித் தருகிறோம்.