திராட்சைக் கொடியிலிருந்து ஏரித் தண்ணீருக்கு

குளத்தில் பாசி மண்டினால் மருந்து போடலாம் என்பது மீன் வளர்ப்பவர்களுக்கும் பண்ணைக்குட்டைக்காரர்களுக்கும் தெரிந்த சங்கதி. ஆனால் அந்த மருந்துகளின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் முதலில் குளம் கண்ணில் படாது. வருவது ஒரு திராட்சைத் தோட்டமும் அதைக் காத்தவர்களின் திருட்டுப் பயமும்தான்.

பிரான்ஸில் போர்டோவுக்கு அருகே மெடாக் பகுதி. வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமலிருக்க, சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கரைத்துப் பூசி வைப்பார்கள். நீலக்கறை படிந்த பழத்தில் யாரும் கை வைக்கமாட்டார்கள். 1882இல் அங்கே அடிச்சாம்பல் நோய் கொடிகளை மொட்டையடித்தபோது, சாலையோர வரிசைகளில் மட்டும் இலைகள் பச்சையாக நின்றன. அதைக் கவனித்த தாவரவியலாளர் மில்லார்தே, 1885இல் கலவையின் செய்முறையை வெளியிட்டார். நம் விவசாயிகளும் அடிக்கிற போர்டோ கலவை அதுதான். அந்த நோயே அமெரிக்காவிலிருந்து வந்த விருந்தாளி. திராட்சை வேரைத் தின்னும் பூச்சியைச் சமாளிக்க அமெரிக்கக் கொடிகளைத் தருவித்தபோது கூடவே வந்தது.

கலவையின் சாரல் பட்டு அக்கம்பக்கத்துக் காட்டுக்கடுகு கருகியதை 1896இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர் பார்த்தார். பூஞ்சைக்கு அடித்த மருந்து களையையும் தீய்க்கும் என்று தெரிந்தது.

கலவையின் மயில்துத்தம் தண்ணீருக்குள் இறங்கியது அமெரிக்காவில். வர்ஜீனியாவில் ஓடைக்கீரைப் பாத்திகளைப் பாசி மூடி அழித்துக்கொண்டிருந்தது. வேளாண் துறையின் ஜார்ஜ் மூர் அங்கே மயில்துத்தத்தைப் போட்டுப் பார்த்தார். பாசி செத்தது, கீரை பிழைத்தது. அவரும் கார்ல் கெல்லர்மனும் 1904இல் வெளியிட்ட அறிக்கை, குடிநீர்த் தேக்கங்களின் நாற்றத்தோடு மல்லாடிக்கொண்டிருந்த ஊர்களுக்கு வழிகாட்டியானது. முறையும் எளிது. மயில்துத்தக் கட்டிகளைக் கோணிச்சாக்கில் போட்டு, துடுப்புப் படகின் பின்னால் தண்ணீரில் தொங்கவிட்டு, தேக்கம் முழுக்கக் கோடு கோடாகப் படகை ஓட்டவேண்டும். சாக்கு இளைக்க இளைக்க மருந்து கரைந்து பரவும். பல லட்சம் பங்கு தண்ணீருக்கு ஒரு பங்கு போதும் என்பதால் செலவும் கொஞ்சம்தான்.

எளிமையும் மலிவும் சேர்ந்தால் கை நிற்பதில்லை. மினசோட்டா மாநிலத்தின் ஃபேர்மவுண்ட் ஏரிகளுக்கு 58 ஆண்டுகள் மயில்துத்தம் போட்டார்கள். மயில்துத்தத்தில் உள்ள செம்பு உலோகம் என்பதால் மக்கி மறையவில்லை, அடிச்சேற்றில் படிந்து சேர்ந்தது. செத்த பாசி அழுகும்போது தண்ணீரின் பிராணவாயுவை உறிஞ்சியது. போதாததற்கு, செம்பைத் தாங்கும் நீலப்பச்சைப் பாசிகள் தலையெடுத்தன. இவையெல்லாம் 1984இல் ஆய்வுக் கட்டுரையாக வந்தன. மருந்து அடிப்பவர்கள் குளத்தை ஒரே நாளில் முழுக்க மூடாமல், ஒரு பகுதியை அடித்துச் சில நாள் பொறுத்து அடுத்ததற்குப் போவது மீன் மூச்சுத் திணறக் கூடாது என்பதற்காகத்தான்.

இதைவிடக் கொடிய அத்தியாயம் ஆகாயத்தாமரையுடையது. தென்னமெரிக்க அழகியான அது 1884இல் நியூ ஆர்லியன்ஸ் பருத்திக் கண்காட்சியிலிருந்து பரவியதாகச் சொல்வார்கள். சில ஆண்டுகளில் கப்பல் போகும் ஆறுகளை அடைத்தது. அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் ஆர்செனிக் உப்பைத் தெளித்தார்கள். தெளித்த செடியை மேய்ந்த மாடுகள் செத்தன. கால்நடைக்குக் கேடான எந்த ரசாயனமும் புளோரிடாவில் கூடாது என்று 1905இல் நாடாளுமன்றமே தடுக்கவேண்டியதாயிற்று. இலங்கை 1909இலேயே ஆகாயத்தாமரைக்கு எதிராகத் தனிச் சட்டம் போட்டது. இரண்டாம் உலகப்போர்க் காலத்து ரகசிய ஆய்வுகளிலிருந்து 2,4-டி என்ற களைக்கொல்லி வெளிவந்த பிறகுதான் ஆர்செனிக்கை விட ஆபத்துக் குறைந்த மாற்று கிடைத்தது. அதையும் முதலில் புல்வெளிக்கும் தானியப் பயிருக்குமே விற்றார்கள்.

இலங்கை இந்தக் கதைக்குள் மறுபடி வருகிறது, இம்முறை களையின் ஊராக. 1950களின் தொடக்கத்தில் அங்கிருந்து வேலம்பாசி என்ற நீர்க்கொடி, மீன்தொட்டி அலங்காரத்துக்காக அமெரிக்கா போனது. புளோரிடாவின் டாம்பா நகரில் ஒரு வியாபாரி, சரக்கு நன்றாக இல்லையென்று வீட்டருகே இருந்த கால்வாயில் கொட்டினார். தொட்டியில் சோர்ந்த கொடி கால்வாயில் செழித்தது. பிறகு ஏரி ஏரியாகத் தாவியது.

அதை அடக்க வந்த ஃப்ளூரிடோன் என்ற மருந்து, பருத்தி வயலுக்காக உருவானது. 1986இல் ஏரிகளுக்கு அனுமதி கிடைத்தது. நூறு கோடி பங்கு தண்ணீருக்குப் பத்துப் பங்கு அளவில் இருந்தாலே கொடியின் மஞ்சள் நிறமிகள் உருவாவது நின்றுவிடும். அந்த மறைப்பு இல்லாமல் வெயிலே பச்சையத்தை அழிக்கும். நுனித்தளிர் வெளுத்துப்போய், செடி வாரக்கணக்கில் மெல்லச் சாகும். அதனால் பிராணவாயு சட்டென்று குறைவதில்லை. இவ்வளவு நிதானமான மருந்து கிடைத்ததும் எல்லோரும் அதையே நம்பினார்கள். அது தவறில்லை. ஆனால் ஒன்றையே ஆண்டுக்கணக்கில் நம்பியது தவறு.

புளோரிடாவின் வேலம்பாசி பெண்கொடிகள் மட்டுமே, விதை வைப்பதில்லை. விதையில்லாத செடி எதிர்ப்பாற்றலுக்கு மாறாது என்ற எண்ணம் இருந்தது. இருந்தும் 2000 வாக்கில் ஃப்ளூரிடோனுக்கு அசையாத கொடிகள் தென்பட்டன. ஏதோ ஒரு கணுவில், ஒரே மரபணுவில், ஒரே இடத்தில் நேர்ந்த மாற்றம், உடைந்த கொடித்துண்டோடு முளைத்துப் பரவியிருந்தது. ஏரி பராமரிப்பவர்கள் பழைய எண்டோதாலுக்குத் திரும்பினார்கள். அதுவும் அறுவடைக்கு முன் பருத்தி இலையை உதிர்க்கப் பயன்பட்ட மருந்துதான்.