பதினாறிலும் இருபத்தெட்டிலும்: உல்ரிக்கே மேஃபார்த் வழியே பெண்கள் உயரம் தாண்டுதலின் வரலாறு

ஒலிம்பிக் பெண்கள் உயரம் தாண்டுதலில் இருமுறை தங்கம் வென்றவர்கள் இதுவரை இரண்டே பேர். ருமேனியாவின் யோலாண்டா பாலாஷ் 1960, 1964 என அடுத்தடுத்து வென்றார். மேற்கு ஜெர்மனியின் உல்ரிக்கே மேஃபார்த் 1972இல் மியூனிக்கில் வென்ற பிறகு, அடுத்த தங்கத்துக்கு 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போராட வேண்டியிருந்தது. முதல் வெற்றியின்போது அவருக்கு வயது 16, இரண்டாவதன்போது 28.

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை ஒரு வீராங்கனை விழுந்து எழுந்த கதையாகச் சொல்வதே வழக்கம். அது பாதி உண்மைதான். அதே காலத்தில் உயரம் தாண்டுதலே உருமாறிக்கொண்டிருந்தது. ஒரு புதிய உத்தி தோன்றி, பழையதோடு மோதி, இறுதியில் எல்லோருக்கும் பொதுவானது. மேஃபார்த்தின் ஏற்ற இறக்கங்களை அந்த மாற்றத்தோடு சேர்த்துப் படித்தால்தான் அவருடைய இரண்டாவது தங்கம் எவ்வளவு பெரியது என்பது விளங்கும்.

பெண்களுக்குத் தடகளம் ஒலிம்பிக்கில் இடம்பெற்றது 1928 ஆம்ஸ்டர்டாமில்தான். அங்கே உயரம் தாண்டுதலில் கனடாவின் எத்தல் காத்தர்வுட் 1.59 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார். அடுத்த ஒலிம்பிக்கிலேயே, உடலை எப்படிக் கம்பிக்கு மேல் கொண்டுபோவது என்பதில் சர்ச்சை எழுந்தது. 1932இல் ஜீன் ஷைலியும் பேப் டிட்ரிக்சனும் ஒரே உயரத்தைத் தாண்டினார்கள். டிட்ரிக்சன் தலையை முன்னே விட்டுப் பாய்ந்தார் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் அவருக்கு வெள்ளிதான் கிடைத்தது. அந்த விதி பின்னாளில் நீக்கப்பட்டது. நீடித்திருந்தால், நாற்பது ஆண்டுகள் கழித்து மியூனிக்கில் தங்கம் வென்ற அந்தத் தாவலே செல்லாமல் போயிருக்கும்.

1950களின் இறுதியில் தொடங்கி ஏறத்தாழ பத்தாண்டுகள் பாலாஷின் ஆட்சி. கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வீசித் தாண்டும் கத்தரிப் பாணியைத் தனக்கேற்ப மாற்றிக்கொண்டு, 1961இல் 1.91 மீட்டர் தாண்டினார். அந்த உலக சாதனை பத்தாண்டுகள் அசையவில்லை. அதை முறியடித்தவர் ஆஸ்திரியாவின் இலோனா குசன்பவர். 1971 செப்டம்பர் 4 அன்று வியன்னாவில் 1.92 மீட்டர் தாண்டினார். வயிறு கம்பியைப் பார்க்க, குப்புறப் படுத்தவாறு உருண்டு தாண்டும் ஸ்ட்ராடில் அவருடைய முறை. அன்றைய முன்னணி வீராங்கனைகள் பலருக்கும் அதுவே கை வந்த கலை.

இதற்கிடையே 1968 மெக்சிகோவில் அமெரிக்காவின் டிக் ஃபாஸ்பரி முதுகைக் கம்பிக்குக் காட்டித் தாண்டி 2.24 மீட்டரில் தங்கம் வென்றிருந்தார். கனடாவின் டெபி பிரில் என்ற பெண்ணும் ஃபாஸ்பரியைப் பார்க்காமலே அதே போன்ற ஒரு பாணியை வளர்த்தெடுத்திருந்தார். ஒரே காலத்தில் இருவருக்கும் இது சாத்தியமானதற்கு மெத்தை ஒரு முக்கியக் காரணம். மணலிலும் மரத்தூளிலும் விழ வேண்டியிருந்தவரை முதுகாலும் கழுத்தாலும் தரையிறங்குவது உயிரோடு விளையாடுவதாகும். தடித்த நுரை மெத்தை வந்ததும் அந்த அச்சம் விலகியது. ஃபிளாப் என்று பெயர்பெற்ற இந்தப் புதிய முறையின் இயக்கவியல் எளிமையானது. வளைந்து ஓடிவரும்போது உடல் உட்புறம் சாய்கிறது. மேலெழும்பியதும் முதுகு வில்லாக வளைகிறது. தலை, தோள், இடுப்பு, கால் என ஒவ்வொரு பகுதியாகக் கம்பியைக் கடப்பதால், உடலின் ஈர்ப்பு மையம் கம்பியை விட அதிகம் உயராமலே, சில சமயம் அதற்குக் கீழேயே, கடந்துவிட முடியும்.

பிராங்பர்ட்டில் பிறந்து கொலோன் அருகே வெசெலிங்கில் வளர்ந்த மேஃபார்த், இந்த முறையைக் கைக்கொண்ட முதல் தலைமுறைச் சிறுமிகளில் ஒருவர். ஆறடியைத் தாண்டிய உயரம், மெலிந்த உடல். மியூனிக்குக்கு முன் அவர் தாண்டிய அதிகபட்ச உயரம் 1.85 மீட்டர். களத்தில் உலக சாதனையாளர் குசன்பவரும் பல்கேரியாவின் யோர்தான்கா பிளாகோயேவாவும் இருந்தார்கள். இருவருமே ஸ்ட்ராடில் முறையினர், இருவருமே 1.88இல் நின்றார்கள். பள்ளி மாணவியான மேஃபார்த் 1.90ஐத் தாண்டித் தங்கத்தை உறுதிசெய்துகொண்டு, 1.92ஐயும் தாண்டினார். குசன்பவரின் சாதனை சரியாக ஓராண்டு நிறைந்த நாளில் அது சமன்செய்யப்பட்டது. தனிநபர் தடகளப் போட்டியில் தங்கம் வென்ற மிக இளையவரும் ஆனார் மேஃபார்த். மறுநாள் விடியற்காலையில் ஒலிம்பிக் கிராமத்தில் இஸ்ரேல் அணியினர் பிணைக்கைதிகளாகப் பிடிக்கப்பட்டார்கள். பதினொரு பேரைப் பலிகொண்ட அந்தத் துயரத்தில் மியூனிக்கின் மற்ற எல்லாம் மங்கிப்போயின.

இதைப் புதிய உத்தி பழையதை வீழ்த்திய நாள் என்று எழுதுவது சுலபம். அப்படிச் சொல்ல சான்றுகள் இடம் தரவில்லை. அதே மாதத்திலேயே பிளாகோயேவா ஸ்ட்ராடிலில் 1.94 தாண்டி உலக சாதனையைக் கைப்பற்றினார். 1976 மாண்ட்ரியலில் தங்கம் வென்ற கிழக்கு ஜெர்மனியின் ரோஸ்மேரி அக்கர்மானும் ஸ்ட்ராடில்தான். 1977 ஆகஸ்டில் பெர்லினில் 2 மீட்டரை முதன்முதலில் தாண்டிய பெண்ணும் அவரே. ஃபிளாப் முறை கையில் இருந்தும் மேஃபார்த்தால் மாண்ட்ரியலில் தகுதிச் சுற்றைக்கூடக் கடக்க முடியவில்லை. ஆகவே மியூனிக் வெற்றிக்கு உத்தி வழி திறந்தது என்பதுவரை சொல்லலாம். அதை நிலைநிறுத்தத் தேவையான தசை வலிமையும் அனுபவமும் ஒரு பதினாறு வயதுப் பெண்ணிடம் எப்படி இருந்திருக்கும்? அந்த வயதில் தங்கம் தந்த எதிர்பார்ப்பின் சுமையையும் அவரே தனியாகத் தாங்க வேண்டியிருந்தது.

1978இல் இத்தாலியின் சாரா சிமியோனி 2.01 மீட்டர் தாண்டினார், ஃபிளாப் முறையில். ஸ்ட்ராடிலின் காலம் முடியத் தொடங்கியது. மேஃபார்த்துக்கோ இது நல்ல செய்தி அல்ல. ஒரு காலத்தில் அவருக்குக் கூடுதல் பலமாக இருந்தது இப்போது எல்லோரிடமும் இருந்தது. இனி வெல்ல வேண்டுமானால் வேகத்திலும் வலிமையிலும்தான் முந்த வேண்டும். லெவர்குசன் கழகத்தில் பயிற்சியாளர் கெர்ட் ஓசன்பெர்க்கின் கீழ் அவர் தன்னை மறுபடி உருவாக்கிக்கொண்டார். மேற்கு ஜெர்மனி 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணித்ததால் அந்த வாய்ப்பும் போயிற்று.

பலன் 1982இல் தெரிந்தது. ஏதென்ஸ் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்பில் 2.02 மீட்டர், புதிய உலக சாதனை. அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி உலக சாம்பியன்ஷிப்பில் சோவியத் வீராங்கனை தமாரா பிகோவா அவரை இரண்டாம் இடத்துக்குத் தள்ளினார். சில நாட்களிலேயே லண்டனில் ஐரோப்பியக் கோப்பையில் இருவரும் மோதினார்கள். ஒரே போட்டியில் இருவருமே 2.03 மீட்டரைத் தாண்டி உலக சாதனையைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே வாரம் பிகோவா பீசாவில் 2.04 ஆக்கிவிட்டார். மேஃபார்த்தின் உச்சம் எது என்று கேட்டால், லாஸ் ஏஞ்சல்ஸைவிட இந்த 1983 கோடையையே சுட்ட வேண்டும். எதிராளி தலைசிறந்தவராக இருக்கையில் வெளிவந்த ஆற்றல் அது.

லாஸ் ஏஞ்சல்ஸில் பிகோவா இல்லை. சோவியத் அணியின் புறக்கணிப்பு அதற்குக் காரணம். அந்த ஜூலையில் 2.07 தாண்டி உலக சாதனை படைத்திருந்த பல்கேரியாவின் லுட்மிலா அந்தோனோவாவும் இல்லை. இதை வைத்து அந்தத் தங்கத்தைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. ஆனால் மாஸ்கோ சாம்பியன் சிமியோனி அங்கே 2.00 தாண்டினார், அவரை வெல்ல மேஃபார்த் 2.02 தாண்டி ஒலிம்பிக் சாதனை படைக்க வேண்டியிருந்தது. மியூனிக்கில் அவர் தாண்டிய உயரத்தைவிட இது பத்து சென்டிமீட்டர் அதிகம்.

அதன்பின் இந்தப் போட்டியில் இன்னும் கூடிய வயதிலும் ஒலிம்பிக் தங்கம் வந்தது. 1987இல் 2.09 என்ற உலக சாதனை படைத்த பல்கேரியாவின் ஸ்டெஃப்கா கோஸ்டாடினோவா, 1996இல் அட்லாண்டாவில் 31 வயதில் தங்கம் வென்றார். அவருடைய உலக சாதனையை 2024 ஜூலையில் பாரிஸில் 2.10 தாண்டி முறியடித்த உக்ரைனின் யாரோஸ்லாவா மகுசிக்குக்கு வயது 22. 2016 ரியோவில் 1.97 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்ற ஸ்பெயினின் ரூத் பெய்டியாவுக்கோ வயது 37.