கியர் ராடைக் குட்டையாக்கியவர்கள்

1940 வாக்கில் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவற்றின் கியர் ராடு தரையை விட்டு ஸ்டீயரிங் தண்டுக்கு ஏறிவிட்டது. முன்சீட்டில் மூன்று பேர் தாராளமாக உட்கார வேண்டும், நடுவில் முழங்காலை இடிக்கும் தடி கூடாது என்பது முக்கியக் காரணம். பிரீமியர் பத்மினியில் ஸ்டீயரிங் கியர் போட்டவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கார்களில் மூன்று கியர்தான். ஸ்டீயரிங் தண்டின் அடியில் இரண்டு சிறிய லிவர்கள், அவற்றிலிருந்து கியர்பாக்ஸ் வரை இரண்டு நீண்ட கம்பிகள். ஒரு கம்பி பர்ஸ்ட்டுக்கும் ரிவர்சுக்கும், மற்றது செகண்டுக்கும் டாப்புக்கும். மூட்டுகள் தேய்ந்துபோனால், பர்ஸ்ட்டிலிருந்து செகண்டுக்கு மாற்றும்போது இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஓட்டுநர் நடுரோட்டில் இறங்கி, பானெட்டைத் தூக்கி, கையை விட்டு லிவரை நியூட்ரலுக்குத் தள்ளினால்தான் வண்டி நகரும். கியர் போடக் கை நகரும் தூரத்தைக் குறைக்கும் ராடான ஷார்ட் ஷிப்டரின் கதையை எல்லோரும் வேகத்திலிருந்து தொடங்குகிறார்கள். இந்தச் சிக்கலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் கட்சி. வாங்கியவர்கள் காசு கொடுத்தது வேகத்துக்கு அல்ல. போட்ட கியர் போட்ட இடத்தில் விழும் என்ற நிச்சயத்துக்கு.

இதற்கு முதல் சாட்சி ஜார்ஜ் ஹர்ஸ்ட். 1950களின் இறுதியில் பென்சில்வேனியாவில் பட்டறை வைத்திருந்தவர். வேறு காரின் பெரிய இன்ஜினைத் தன் காரில் ஏற்றுகிறவர்களுக்கு இன்ஜின் மவுண்ட் செய்து விற்றுவந்தார். அப்படி இன்ஜின் மாற்றியவர்களுக்கு அடுத்த தலைவலி கியர். கம்பெனி கொடுத்த மெல்லிய கம்பிகள் அந்த முறுக்கையும் முரட்டுக் கையையும் தாங்கவில்லை. ஹர்ஸ்ட் ராடைத் தரைக்குக் கொண்டுவந்தார், கனமான எஃகில் செய்தார், ஆயுள் முழுக்க உத்தரவாதம் என்று விளம்பரம் செய்தார். அவருடைய ஷிப்டரில் என்னைக் கவர்வது முன்னும் பின்னுமாக இருந்த இரண்டு போல்ட்டுகள். கியர் முழுதாக விழுந்த கணத்தில் ராடு அந்த போல்ட்டில் முட்டி நின்றுவிடும். பந்தய வெறியில் எவ்வளவு ஓங்கி இழுத்தாலும் அடி போல்ட்டோடு நிற்கும், கியர்பாக்ஸுக்குள் கியரை நகர்த்தும் போர்க் வளையாது. வேகம் மட்டுமே குறி என்றால் இந்த போல்ட்டுகளுக்கு வேலையே இல்லை.

நீளக் கணக்கைப் பார்த்தாலும் இதே முடிவுதான். ராடு ஒரு கடப்பாரை. நடுவில் ஒரு சுழல்மையம். மேலே 24 செ.மீ., கீழே 4 செ.மீ. என்றால், கீழ்முனை 1 செ.மீ. நகர கை 6 செ.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 5 செ.மீ. ஆக்கினால் கை 4.8 செ.மீ. நகர்ந்தால் போதும், ஆனால் ஒன்றேகால் மடங்கு அழுத்த வேண்டும். ஷார்ட் ஷிப்டரின் ரகசியம் முழுவதும் இவ்வளவுதான். கால் மைல் பந்தயத்தில் நான்கு கியர் கார் மூன்றே முறை கியர் மாறுகிறது. கை ஒன்றிரண்டு செ.மீ. குறைவாக நகர்வதில் மிச்சமாவது கண் இமைக்கும் நேரம். ஆனால் ஒரு கியர் விழாமல் போனால் பந்தயமே போயிற்று. வேகமும் கிடைக்கிறதே என்பார்கள், கிடைக்கிறது, மறுக்கவில்லை. அது கூட வரும் கொசுறு.

சிங்க்ரோ வளையம் தேய்ந்துவிடும் என்பது மெக்கானிக்குகள் சொல்லும் மறுப்பு. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பாகங்களை உரசி உரசி ஒரே வேகத்துக்குக் கொண்டுவருவது அந்த வளையம்தான். அதற்குக் கொஞ்சம் அவகாசம் வேண்டும். கை அதே பலத்தில் தள்ளினால் குட்டை ராடு வளையத்தை முன்பைவிடக் குறைவாகவே அழுத்தும். எனவே குற்றம் ராடுடையது அல்ல. ஆனால் அந்த ராடைப் பிடித்த கைக்கு அவகாசம் கொடுக்கும் பொறுமை இருப்பதில்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ராடின் மூட்டுகளில் இருக்கும் ரப்பர் புஷ்ஷை எடுத்துவிட்டுக் கடினமான புஷ் போட்டால் கியர்பாக்ஸின் இரைச்சலும் அதிர்வும் உள்ளங்கைக்கு வரும். குளிர்ந்த எண்ணெயில் காலை முதல் கியர் கல் மாதிரி இருக்கும்.

கார் கம்பெனிகளே பின்னால் செய்தது இன்னும் வலுவான ஆதாரம். போன்டியாக் 1964 ஜிடிஓவில் ஹர்ஸ்ட் ஷிப்டரையே பொருத்தி விற்றது. 1968இல் ஓல்ட்ஸ்மொபைல் ஹர்ஸ்ட் பெயரிலேயே ஒரு கார் கொண்டுவந்தது. அதில் வேடிக்கை, கிளட்ச் பெடலே கிடையாது. ஆட்டோமேட்டிக் கியரை ஒவ்வொரு படியாக, தாண்டிப் போகாமல் தட்டிவிட ஹர்ஸ்ட் தனி வழி வைத்திருந்தார். கிளட்ச் போன பிறகும் நிச்சயத்துக்கு கிராக்கி இருந்தது. 1989இல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5இல் ராடு நேராக கியர்பாக்ஸின் தலையிலேயே நின்றது; நடுவில் கம்பியோ கேபிளோ இல்லை, தனியாக எதுவும் வாங்காமலே கைக்குக் குறுகிய அசைவு கிடைத்தது. 1990களில் கலிபோர்னியாவில் ஹோண்டா சிவிக் வைத்திருந்த இளைஞர்களுக்கு அந்த வசதி இல்லை. முன்சக்கரம் இழுக்கும் காரில் கியர்பாக்ஸ் எட்டத்தில் கிடக்கும், இடையில் மூட்டுகளும் ரப்பர் புஷ்களும். ஷார்ட் ஷிப்டர் கிட் அவர்களிடம் நன்றாக விற்றது. பழைய பிஎம்டபிள்யூக்காரர்கள் இன்னும் சாமர்த்தியசாலிகள்: அதே கம்பெனியின் இசட்3 காரின் ராடைக் கழற்றி வந்து தங்கள் பழைய இ30 காரில் மாட்டிக்கொண்டார்கள்.

உங்கள் பழைய காரில் கியர் ராடு கஞ்சிக்குள் விட்ட அகப்பை மாதிரி ஆடுகிறதா? ஷார்ட் ஷிப்டர் தேடுவதற்கு முன் அடியில் இருக்கும் புஷ்களை மாற்றிப் பாருங்கள். பலருக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.